பனியன் கம்பெனி வேலை போனபின் தொழில் ஆலோசகரிடம் போவதால் பயன் உண்டா?

அவிநாசிக்காரன் கேட்டது:
திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரின் ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்பும்வரை பின்தொடர்பவராக, இருந்தேன். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபின் எங்கள் பையர் ஆர்டர்களை நிறுத்திவைத்தார். இரண்டே மாதங்களில் என்னையும் சேர்த்துப் பலரை அனுப்பிவிட்டார்கள். மனைவிக்கு மட்டுமே தெரியும். அப்பாவிடம் சொல்லத் துணிவின்றி, இன்றும் காலை எட்டரைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, கோயில் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறேன். மைத்துனர் பெருந்துறையில் கூட்டாகக் கடை போடலாம் என்கிறார். நண்பர் கணினிப் படிப்பு என்கிறார். தூக்கம் இல்லை. ஆலோசகரிடம் போனால் வேலை கிடைக்குமா, வெறும் பேச்சுத்தானா?

நொய்யல்கரை எழுதியது:
கோவையில் இப்பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலை வாங்கித் தருவது எங்களால் ஆகாது. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சிற்றூரின் ஜவுளி ஆலை மூடப்பட்டபின் சமூக உளவியலாளர் மரீ யஹோதாவும் அவருடைய சகாக்களும் அங்கே ஆய்வு செய்தபோது, கைநிறைய நேரமிருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்ததையும், ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்துபோனதையும் கண்டார்கள். வேலை என்பது கூலியோடு நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே மனிதர்களையும், சமூகத்தில் ஓர் இடத்தையும் தருகிறது என்று யஹோதா பின்னாளில் விளக்கினார். நீங்கள் பாத்திரத்துடன் கிளம்புவது அந்த ஒழுங்கைப் போலியாகவேனும் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியாகவே எனக்குப் படுகிறது. அதைக் குறை சொல்லமாட்டேன்.

முதல் அமர்வில் பெரும்பாலும் உங்கள் 14 ஆண்டுகளைத்தான் சொல்லச் சொல்வோம். நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் என்று நாலு இடத்து வேலையை ஒரே தேதிக்குள் இழுத்துச் சேர்த்தவருக்குப் பின்னலாடையைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பது உண்மையன்று. கோவை பம்ப்செட் ஏற்றுமதிக்கும் பொள்ளாச்சித் தென்னைநார் ஏற்றுமதிக்கும் அதே பின்தொடர்தலும், ஏறத்தாழ அதே ஆவணங்களும் தேவைப்படுகின்றன. கடையா படிப்பா என்பதை அதன்பின் பேசலாம். தூக்கமில்லாத மாதத்தில் முதல் போடாதீர்கள்.

பழைய மில்காரர் எழுதியது:
தம்பி, எங்கள் நூற்பாலை மூடியபோது இப்படிக் கேட்டுக்கொள்ள ஆளில்லை. கிடைத்த பணத்தை ஆறே மாதத்தில் பைனான்ஸ் தொழிலில் விட்டேன். முதல் சந்திப்பிலேயே ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டச் சொல்பவர் ஆலோசகர் அல்லர், விற்பனையாளர். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் கட்டணம் கிடையாது, அங்கிருந்து தொடங்குங்கள். தூக்கமின்மையைத் தனியாகக் கவனியுங்கள்: 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அவிநாசிக்காரன் எழுதியது:
இருவருக்கும் நன்றி. மையத்துக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

நொய்யல்கரை எழுதியது:
சான்றிதழ்களோடு, தாமதமாகவிருந்த ஏதேனும் ஒரு ஷிப்மென்ட்டை நீங்கள் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்பதை முதலிலிருந்து முடிவுவரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அவிநாசிக்காரன் எழுதியது:
எழுத உட்கார்ந்தேன், மூன்று தாளாகிவிட்டது. திங்கட்கிழமை போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.