சந்தேகம்: வேற ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) மாட்டினேன், வண்டி ஒரு செகண்ட் ஓடி நின்னுடுது

மழைக்கால_ஹேட்ச்:
2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். பேட்டரி இறங்கிப் போய் ஜம்ப் ஸ்டார்ட் பண்ணும்போது சிவப்பு, கறுப்பு கிளிப் இடம் மாறிடுச்சு. ரெண்டு செகண்ட்தான், பொறி பறந்துச்சு. பேட்டரி பக்கத்துல இருக்கற மெயின் ஃபியூஸ் போயிருந்துச்சு, மாத்தியாச்சு. அதுக்கப்புறம் சாவி ஆன் பண்ணின உடனே ஈசிஎம்மோட 15 ஆம்பியர் ஃபியூஸ் போகுது. செக் இன்ஜின் லைட் எரியல, ஸ்கேனர்ல இன்ஜின் பக்கம் பதிலே இல்ல. புது ஈசிஎம் 38,000 ரூபாய்னு சொன்னதால அதே மாடல் வண்டியோட பழைய ஈசிஎம் 6,500க்கு வாங்கி மாட்டினேன். இப்ப ஃபியூஸ் போகாம நிக்குது, செக் இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேனரும் பேசுது. ஆனா ஸ்டார்ட் ஆகி ஒரு செகண்ட்ல ஆஃப். மீட்டர்ல சாவிப் படம் போட்ட லைட் வேகமா மின்னுது. வாங்கினதும் டேமேஜா? திருப்பிக் கொடுத்துடலாமா?

மின்கம்பி:
வாங்கின ஈசிஎம் நல்லாத்தான் இருக்கு, திருப்பிக் கொடுக்காதீங்க சார். சாவிக்குள்ள இருக்கற சிப், இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கற யூனிட்), ஈசிஎம் மூணும் ஒரே ரகசிய எண்ணை வச்சுப் பேசிக்கும். வாங்கின ஈசிஎம்முக்கு அதோட பழைய வண்டிச் சாவிதான் தெரியும். உங்க சாவியைத் தெரியாததால பெட்ரோலைப் பீய்ச்சற இன்ஜெக்டரை நிறுத்திடுது. ஒரு செகண்ட் ஓடி நின்னு சாவி லைட் மின்னினா பெட்ரோல் பம்ப், பிளக்னு தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு நல்ல விஷயம். வேற ஈசிஎம் போட்டதும் ஃபியூஸ் நிக்குதுன்னா உங்க ஒயரிங்ல ஷார்ட் இல்ல, ஷார்ட் பழைய ஈசிஎம்முக்குள்ள இருக்கு. அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, உங்க வண்டியோட ரகசிய எண் அதுக்குள்ளதான் இருக்கு. ரெண்டு ஈசிஎம் ஸ்டிக்கர்ல இருக்கற எண்களையும் முழுசா எழுதுங்க. ஹார்டுவேர் எண் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போகணும். சாஃப்ட்வேர் எண் மாறினா பரவாயில்ல, எழுதிக்கலாம்.

பெஞ்ச்_சோல்டர்:
தம்பி, ஸ்டார்ட் பண்றதை முதல்ல நிறுத்துங்க. ஆல்டர்னேட்டர் (பட்டறையில டைனமோன்னு சொல்வாங்க) பாத்தீங்களா? மெயின் ஃபியூஸ் ஏன் போச்சுன்னு யாருமே கேக்கல. ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்கற டயோடுகள் கரன்ட்டை ஒரு பக்கம்தான் விடும். பேட்டரி தலைகீழா வந்தா அந்தப் பக்கமே திறந்துக்கும், கரன்ட் மொத்தமும் அது வழியாத்தான் பாயும். மெயின் ஃபியூஸ் போற அளவுக்குப் பாஞ்சிருந்தா டயோடும் அடி வாங்கியிருக்க நிறைய வாய்ப்பு. அப்படியே ஓட்டினா இப்ப போட்ட ஈசிஎம்மும் கெட்டுப் போகலாம்.

வண்டி ஓடாததால ஓட விட்டுப் பாக்க முடியாது. நிறுத்தி வச்சே பாருங்க. பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க. மல்டிமீட்டரை டயோடு டெஸ்ட்ல வச்சு, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் பாடியில, கறுப்பை அதோட தடிச்ச ஒயர் வர்ற போல்ட்ல வைங்க. ரெண்டு டயோடு வரிசையா இருக்கறதால 0.8 முதல் 1.0 வோல்ட் வரைக்கும் காட்டணும். முனைகளை மாத்தி வச்சா ஓபன், அதாவது கரன்ட் பாயலன்னு காட்டணும். எண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

மழைக்கால_ஹேட்ச்:
ஹார்டுவேர் எண் ரெண்டும் ஒண்ணுதான். சாஃப்ட்வேர் எண்ல கடைசி ரெண்டு இலக்கம் வேற. ஆல்டர்னேட்டர்ல சிவப்பு பாடியில, கறுப்பு போல்ட்ல வச்சா 0.47. மாத்தி வச்சா ஓபன். ஓபன் வர்றதால நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

பெஞ்ச்_சோல்டர்:
எடுத்துக்கக் கூடாது. 0.47னா ஒரே ஒரு டயோடோட அளவு. ஜோடியில ஒண்ணு ஷார்ட் ஆகிடுச்சு, இன்னொண்ணு மட்டும் தடுத்து நிக்குது. அதனாலதான் நிறுத்தி வச்சா பேட்டரி இறங்காது, யாருக்கும் சந்தேகமும் வராது. ஓடும்போது சார்ஜ் சரியா ஏறாது, கரன்ட்ல ஏசி (திசை மாறி மாறிப் பாயற கரன்ட்) கலந்து வரும். ஆல்டர்னேட்டரைக் கழட்டி ரெக்டிஃபையர் பிளேட் (அந்த டயோடுகள் இருக்கற தகடு) மாத்தச் சொல்லுங்க. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகள்ல வழக்கமா பண்ற வேலைதான், முழு ஆல்டர்னேட்டர் வாங்க வேண்டாம். கையோட வோல்டேஜைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்க.

கடலோர_கேரேஜ்:
ப்ரோ, வாங்கின ஈசிஎம்ல இம்மொ ஆஃப் பண்ணிக் கொடுக்கறாங்களே, அரை மணி நேர வேலை. அதைப் பண்ணிட்டுப் போங்க.

மின்கம்பி:
அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இம்மொ ஆஃப் பண்ணின வண்டியை சிப் இல்லாத வெறும் சாவியிலயே ஓட்டிட்டுப் போகலாம். திருட்டுப் போனா இன்ஷூரன்ஸ்லயும் இழுபறி வரும். கைவசம் ஒரிஜினல் ஈசிஎம் இருக்கும்போது அதுக்கு அவசியமே இல்ல. முதல் வழி, அதையே ரிப்பேர் பண்றது. அது முடியலன்னா குளோனிங்: பழசுல இருந்து ஃபிளாஷ், ஈஈப்ராம்னு இருக்கற ரெண்டு மெமரியையும் முழுசா படிச்சு வாங்கினதுல எழுதறது. குளோன் பண்ணினா சாவி, சேசிஸ் எண் எல்லாம் உங்களோடதாவே வந்துடும். படிக்கும்போது ரெண்டு தடவை படிச்சு ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருக்கான்னு ஒப்பிடச் சொல்லுங்க. வாங்கின ஈசிஎம்மோட ஒரிஜினல் ஃபைலையும் எழுதறதுக்கு முன்னாடி எடுத்து வைக்கணும். அப்புறம், பழைய ஈசிஎம் வாங்கின கடையில பில் கட்டாயம் வாங்கிக்கங்க, அது எந்த வண்டியில இருந்து வந்ததுன்னு நமக்குத் தெரியாது.

பெஞ்ச்_சோல்டர்:
ரிப்பேர் பக்கம் நான் சொல்றேன், ஏன்னா இந்தக் கேஸ்ல ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஈசிஎம் கனெக்டர்ல இருந்து பேட்டரி லைன் உள்ள வர்ற இடத்துல ஒரு பெரிய கறுப்பு டயோடு இருக்கும். சர்ஜ் அடக்கற டயோடு அது, கடையில டிவிஎஸ் டயோடுன்னு கேக்கணும். வோல்டேஜ் எகிறினாலோ தலைகீழா வந்தாலோ தானே குறுக்க விழுந்து ஃபியூஸைப் போக வச்சு, பின்னாடி இருக்கற பிராசசரைக் காப்பாத்தும். அப்படி விழும்போது அதுவே நிரந்தரமா ஷார்ட் ஆகிடும். சாவி ஆன் பண்ணினதும் ஃபியூஸ் போறது பெரும்பாலும் இந்த டயோடோட அடையாளம்.

திறக்கறதுக்கு முன்னாடி உடம்புல இருக்கற ஸ்டேடிக் போக எர்த் ஆன இரும்பைத் தொடுங்க. மூடி சிலிகான்ல ஒட்டியிருக்கும். ஹாட் ஏர்ல ஓரத்தை 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, மெல்லிய தகட்டை நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா விட்டு நெம்பணும். ஒரே மூலையில நெம்பினா போர்டு வளைஞ்சு செராமிக் கெபாசிட்டர் வெடிச்சிடும். உள்ள பச்சை போர்டு இருந்தா வேலை பாக்கலாம். வெள்ளைச் செராமிக் தகடும் மேல ஜெல்லும் இருந்தா தொடாதீங்க, ஜெல்லுக்குள்ள முடியை விட மெல்லிய கம்பிகள் ஓடும், விரல் பட்டாலே அறுந்துடும். அப்ப நேரா குளோனிங்தான்.

மழைக்கால_ஹேட்ச்:
பச்சை போர்டுதான். கனெக்டர் பின்னாடியே அந்த டயோடு இருக்கு, மேல ஒரு மயிரிழை வெடிப்பு, பக்கத்துல பூச்சு லேசா பழுப்பேறியிருக்கு. ரெண்டு பக்கமும் வச்சு அளந்தேன், 0.002. கழட்டிட்டு அளந்தா போர்டுல ஷார்ட் இல்ல. டயோடு இல்லாமலே ஓட்டிப் பாக்கலாமா?

பெஞ்ச்_சோல்டர்:
கூடாது. அது இல்லாம போனா அடுத்த எகிறல் நேரா பிராசசருக்குப் போகும். மேல இருக்கற எண்ணை வச்சு அதே வோல்டேஜ், அதே வாட்ஸ், அதே சைஸ்ல போடுங்க. சின்னது பொருந்துதேன்னு போட்டா முதல் எகிறல்லயே போயிடும். கோடு போட்ட பக்கம் எந்தத் திசையில இருந்துச்சுன்னு கழட்டறதுக்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோவைப் பாருங்க. அந்த இடத்துல செம்பு அகலமா இருக்கறதால சூட்டை இழுத்துக்கும், கீழ இருந்தும் போர்டைச் சூடாக்கினாத்தான் சோல்டர் ஒழுங்கா உருகும். பக்கத்துல கிரவுண்டு டிராக் கருகியிருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க.

வண்டியில மாட்டறதுக்கு முன்னாடி மேசையில சோதிங்க. பவர் சப்ளை 13.5 வோல்ட், கரன்ட் லிமிட் 1 ஆம்பியர். பேட்டரி பின், இக்னிஷன் பின், கிரவுண்டு மூணையும் கொடுங்க. 0.1 முதல் 0.3 ஆம்பியர் எடுத்தா ஆரோக்கியம். நேரா 1 ஆம்பியர்ல போய் முட்டி வோல்டேஜ் விழுந்தா இன்னொரு ஷார்ட் இருக்கு. மூடும்போது வினிகர் வாசனை வர்ற சிலிகான் வேண்டாம், அதுல வர்ற அமிலம் செம்பை அரிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்குன்னு விக்கற நியூட்ரல் வகை போடுங்க.

மின்கம்பி:
மாட்டும்போது: நெகட்டிவ்வைக் கழட்டி 10 நிமிஷம் விடுங்க. ஈசிஎம் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு பாத்து ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைங்க. கிரவுண்டு ஒயரை மீட்டரை மட்டும் நம்பி விட்டுடாதீங்க. பத்து இழையில ஒன்பது அறுந்திருந்தாலும் மீட்டர் நல்லாத்தான் காட்டும். கனெக்டர் பின்னுக்கும் பேட்டரி பாசிட்டிவ்வுக்கும் நடுவுல 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பைக் கொடுத்து எரிய விடுங்க. முழு வெளிச்சம் வந்தாத்தான் கிரவுண்டு சரி. ஃபியூஸ் 15 ஆம்பியர்தான், 20 போடாதீங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. தலைகீழ் கரன்ட் அதுங்களுக்கும்தான் போயிருக்கும். குறிப்பா எலக்ட்ரிக் ஸ்டியரிங்குக்குப் பேட்டரியில இருந்து தனி லைன் வரும்.

மழைக்கால_ஹேட்ச்:
புது டயோடு போட்டாச்சு. மேசையில 0.18 ஆம்பியர். ரெக்டிஃபையர் பிளேட் மாத்தினதும் ஆல்டர்னேட்டர் 0.91 காட்டுது. சொந்த ஈசிஎம்லயே ஸ்டார்ட் ஆகிடுச்சு, சாவி லைட் எரிஞ்சு அணைஞ்சிடுது. ஓடும்போது பேட்டரியில 14.2 வோல்ட். ஸ்கேன்ல ஸ்டியரிங் ஃபியூஸ் போனது தெரிஞ்சுது, மாத்தியாச்சு. ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதப்ப இன்ஜின் ஓடற வேகம்) மட்டும் 1,100 ஆர்பிஎம்லயே நிக்குது.

மின்கம்பி:
பேட்டரி கழட்டினதால திராட்டில் (இன்ஜினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்தற வால்வு) நிலை ஈசிஎம்முக்கு மறந்திருக்கும். இன்ஜின் நல்லா சூடாகட்டும், ஏசி, லைட் ஆஃப். ஸ்கேனர்ல திராட்டில் லேர்னிங் இருந்தா அதைக் கொடுங்க. இல்லன்னா ஆக்சிலரேட்டரைத் தொடாம ஐடில்ல 10 நிமிஷம் விட்டுப் பாருங்க. அப்பவும் இறங்கலன்னா திராட்டில் பாடியில கரி படிஞ்சிருக்கான்னு பாக்கணும்.

பெஞ்ச்_சோல்டர்:
இன்னும் ஒரே ஒரு அளவு பாக்கி. மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு, 2,000 ஆர்பிஎம்ல, ஹெட்லைட், புளோயர் ஆன் பண்ணி பேட்டரி முனையில பாருங்க. 0.1க்குக் கீழ வந்தா புது பிளேட் சரியா வேலை செய்யுது. 0.5ஐத் தாண்டினா மறுபடி கழட்டணும்.

மழைக்கால_ஹேட்ச்:
0.04. ஐடிலும் 750க்கு இறங்கிடுச்சு.