உதவி: அழுத்தத்தைக் குறைத்தால் தடித்த ஜெம் ட்ரிப் ஆகிறது (அவசரம்)

தூக்கமில்லா_ஆய்வாளர்: வணக்கம். தடித்த ஜெம் பலகை ஒன்று (துளைகளில் எலக்ட்ரான்களைப் பெருக்கிக் கதிர்வீச்சை உணரும் பலகை). ஒரு அட்மாஸ்பியரில் அழகாகப் பல்ஸ் வந்தது. பம்ப் போட்டு அழுத்தத்தைக் குறைத்ததும் கொஞ்சம் வோல்ட்டேஜ் ஏற்றினாலே சப்ளை ட்ரிப் ஆகிறது. பலகையை மாற்றியும் அதே கதை. திங்கட்கிழமை கைடுக்குக் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

கம்பிப்பெட்டி: என்ன வாயு? அழுத்தம் எத்தனை டார்? ‘கொஞ்சம்’ என்றால் எத்தனை வோல்ட்? பலகைத் தடிமன்?

சுத்தம்_சோறு_போடும்: துளை ஓரத்தில் பிசிறு இருக்கும். துளையைச் சுற்றி 0.1 மி.மீ. செம்பை அரித்து எடுத்த பலகைதானா? ஆல்கஹாலில் அல்ட்ராசானிக் போட்டு, ஓவனில் உலர்த்துங்கள்.

கம்பிப்பெட்டி: பிசிறு என்றால் இரண்டு பலகையிலும் ஒரே மாதிரியா வரும்?

சுத்தம்_சோறு_போடும்: ஒரே கடையில் துளையிட்டிருந்தால் வரும்.

தூக்கமில்லா_ஆய்வாளர்: மன்னிக்கவும். ஐசோபியூட்டேன், 1 டார். பலகை 0.4 மி.மீ., துளை 0.3 மி.மீ. மேல்முகம் 500 வோல்ட்டைத் தொடுவதற்குள் போய்விடுகிறது. அட்மாஸ்பியரில் ஆர்கான்-மீத்தேன் ஓட்டினேன்.

கம்பிப்பெட்டி: வாயுவையும் மாற்றிவிட்டு ‘அழுத்தத்தைக் குறைத்தேன்’ என்கிறீர்களே! சரி, அழுத்தத்தை அளப்பது பைரானி கேஜா? அது நைட்ரஜனுக்கு அளவு வைத்தது. ஐசோபியூட்டேனில் அது 1 என்று காட்டினால் 1 இல்லை. கெப்பாசிட்டன்ஸ் மானோமீட்டர் இருந்தால் அதை நம்புங்கள்.

பழைய_பேராசான்: வாயு எத்தனை வோல்ட்டில் உடைந்து மின்சாரத்தை விடும் என்று சொல்லும் பாஷன் விதி வந்தது 1889-இல். அதைப் படிக்காமலே பலகை வாங்கிவிடுகிறார்கள், என்ன செய்வது. அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்குங்கள். அந்தப் பெருக்குத்தொகைக்கு எதிராக உடையும் வோல்ட்டேஜை வரைந்தால் வரும் வளைவின் அடிமட்டம் காற்றுக்கு சுமார் 0.57 டார்-செ.மீ., 327 வோல்ட். ஐசோபியூட்டேனுக்கு எண்கள் வேறு, வடிவம் அதேதான். உங்கள் துளையில் பெருக்குத்தொகை 0.04. அடிமட்டத்துக்கு வெகுதூரம் இடப்பக்கம். அங்கே சின்ன இடைவெளிதான் அதிகம் தாங்கும், நீண்ட வழிதான் முதலில் உடையும். பலகையை விடுங்கள். பெட்டிச் சுவருக்கு அரை, ஒரு சென்டிமீட்டர் தள்ளி எந்தச் சாலிடர் குமிழ், எந்த வெறும் கம்பி நிற்கிறது என்று பாருங்கள். எலக்ட்ரானுக்கு உங்கள் துளைமேல் ஒன்றும் தனிப் பாசம் கிடையாது.

யாழ்_இயற்பியல்: எலக்ட்ரான் என்ன எலக்ட்ரான், இலத்திரன் என்று எழுதலாமே? நாங்கள் பள்ளியில் அப்படித்தான் படித்தோம்.

சுத்தம்_சோறு_போடும்: அதுவும் ஒலிபெயர்ப்புதானே. தமிழ் வேண்டும் என்றால் எதிர்மின்னி.

பழைய_பேராசான்: எதிர்மின்னி என்று எழுதினால் பாசிட்ரானை நேர் எதிர்மின்னி என்பீர்களா?

யாழ்_இயற்பியல்: ஐயா, பாஷனை ஜெர்மன்காரர் எப்படிச் சொல்வார் என்று கேட்டுவிட்டு வந்து எங்களைத் திருத்துங்கள்.

கம்பிப்பெட்டி: பாவம் அந்தப் பிள்ளை, திங்கட்கிழமை வந்துவிடும். தம்பி, பெட்டியில் ஜன்னல் இருந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு மெல்ல வோல்ட்டேஜ் ஏற்றுங்கள். எங்கே ஒளிர்கிறது என்று கண்ணே சொல்லும். அப்புறம், என்ன கதிர்வீச்சு சோர்ஸ்?

தூக்கமில்லா_ஆய்வாளர்: அணைத்துப் பார்த்தேன். பலகை இருட்டு! இணைப்பானின் பின்பக்கம், சாலிடரிலிருந்து ஒரு போல்ட் தலைக்கு மங்கலான வெளிச்சம். எபாக்சி பூசினேன், 600 தாங்குகிறது. நன்றி. சோர்ஸ் இரும்பு-55. பல்ஸ் மட்டும் இன்னும் இல்லை.

கம்பிப்பெட்டி: எப்படி வரும்? 1 டாரில் 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்ஸ்-கதிர் வாயுவில் நிற்காமல் நேரே போய்விடும். தப்பித்தவறி ஒன்று மாட்டினாலும், அது கிளப்பும் எலக்ட்ரான் முழு ஆற்றலையும் விடுவதற்குள் சுவரில் மோதும். அமெரிசியம் ஆல்பா வையுங்கள். அது ஒரு சென்டிமீட்டரில் நூறு சொச்சம் எலக்ட்ரான்களாவது விட்டுச் செல்லும்.

பழைய_பேராசான்: எபாக்சிக்குள் காற்றுக்குமிழி இல்லையே? முழுக்கக் காய்ந்த பிறகுதானே பம்ப் போட்டீர்கள்?

சுத்தம்_சோறு_போடும்: பம்பின் வெளியேற்றுக் குழாய் எங்கே போகிறது? ஐசோபியூட்டேன் தீப்பிடிக்கும். அறைக்குள்ளேயா விடுகிறீர்கள்?

கம்பிப்பெட்டி: தம்பி?