யாழ்ப்பாணக் கோட்டைக்குள் போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கொட்டடிக்காரி எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். எங்கள் வீட்டில் இருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் 1990 ஆனியில் சண்டை மூண்டு வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியதற்குப் பிறகு அப்பா அந்த வாசலுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "இடிஞ்ச கல்லைப் பார்த்து என்ன செய்யிறது" என்பார். இந்தத் தடவை என்ன நினைத்தாரோ, தானாகவே சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அகழியைக் கடந்து வாசல் வளைவுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று விலகிப்போகும். அந்தக் குளிர்ச்சியிலேயே அப்பா கொஞ்ச நேரம் நின்றார். காட்சிக்கூடம் சின்னதுதான். கண்ணாடிக்குள் மட்பாண்ட ஓடுகள், சுவரில் பழைய படங்கள், விளக்கப் பலகைகள். அவசரப்படுகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அப்பா ஒவ்வொரு பலகையையும் உறுதி வாசிக்கிற மாதிரி விரல் வைத்து வாசித்தார். நாற்பது வருடம் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசாக இருந்தவர், அந்தப் பழக்கம் போகாது.

ஆண்டுகளை எனக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். 1619இல் யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியைப் பிடித்த பிறகு போர்த்துக்கேயர் கட்டியது சதுரக் கோட்டை. 1658இல் அது ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கைக்குப் போயிற்று. அவர்கள் அதை ஐங்கோணமாக மாற்றி 1680இல் உட்கோட்டையை முடித்தார்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, சீலாந்து, உத்ரெக்ட் என்று தங்கள் ஊர் மாகாணங்களின் பெயர்களையே வைத்தார்கள். வெளிமதில் வேலை முடிய 1792 ஆகிவிட்டது. சரியாக மூன்று வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்து சண்டையே இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது அப்பா கையை விரித்துக் காட்டினார்.

பிறகு தேவாலயம் இருந்த இடத்துக்குப் போனோம். 1706இல் சிலுவை வடிவில் கட்டியது, 1990இல் புலிகள் கோட்டையைச் சுற்றி வளைத்த முற்றுகையில் போனது. இப்போது கற்குவியலும் அடிச்சுவரும்தான். அப்பாவும் அம்மாவும் கலியாணமான புதிதில் இங்கே வந்திருக்கிறார்கள், எனக்கு அன்றுதான் தெரியும். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பதித்திருந்ததாம். மிதிக்கப் பயந்து அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தாராம். "செத்த ஆக்களின்ர நெஞ்சில நடக்கக்கூடாது" என்றாராம். அம்மா போய் ஆறு வருடம். அப்பா அந்தச் சுவரோரம் எது என்று தேடிக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

அங்கே நின்றுதான் இதையும் சொன்னார். அதே 1706இல்தான் ஒல்லாந்தருடைய திசாவை, அதாவது பகுதி அதிகாரி, கிளாஸ் இசாக்ஸ் என்பவர் எங்கள் வழக்கங்களைக் கேட்டு எழுதத் தொடங்கினார். தமிழில் பெயர்த்து 12 முதலிமாருக்கு, அதாவது தமிழ்த் தலைமைக்காரருக்கு, வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு 1707இல் சட்டமாயிற்று. அதுதான் தேசவழமை. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று அப்பா வாழ்நாள் முழுக்க எழுதிய சொற்கள் எல்லாம் அதில் உள்ளவை. "தேவாலயத்தை அவங்கள் கட்டினாங்கள், அது போயிட்டுது. எங்கட சனம் வாயால சொன்னது இண்டைக்கும் காணிக் கந்தோரில இருக்குது" என்றார். பங்காளிக்குச் சொல்லாமல் காணி விற்கமுடியாது என்று இப்போதும் வழக்குக்குப் போகிறோமே, அந்தச் சட்டம்தான்.

இந்தக் கோட்டைக்குப் போகிறவர்கள் பீரங்கி மேடையையும் சூரியன் மறைவதையும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தவறென்று சொல்லவில்லை, பண்ணைக் கடல் அந்த நேரத்தில் அவ்வளவு அழகு. ஆனால் மதிலுக்குக் கிட்டப் போய் ஒரு கல்லைப் பாருங்கள். முருகைக்கல், பவளப்பாறைக் கல். கடலுக்கடியில் அது உயிரோடு இருந்தபோது இருந்த பூப்பூவான துளைகள் அப்படியே தெரியும். சில கற்களில் மூளை மடிப்பு மாதிரி வரிகள். நகத்தால் தொட்டால் சுரசுரவென்று இருக்கும். எங்கள் கடலில் இருந்து எங்கள் ஆட்கள் சுமந்து வந்த கல். யார் பெயரும் அதில் இல்லை. வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள், அப்பாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

திருநெல்வேலித் தம்பி எழுதியது:

அக்கா, கண்ணாடிக்குள் இருக்கிற ஓடுகளைப் பற்றி நான் சொல்கிறேன். யாழ் பல்கலைக்கழகம், மத்திய கலாசார நிதியம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து கோட்டைக்குள் அகழ்வு செய்தபோது நான் மாணவனாக உதவிக்குப் போயிருந்தேன். என் வேலை பெரும்பாலும் ஓடு கழுவுவது. ஒவ்வொரு மண்படைக்கும் தனிப் பை, பைக்குள் துண்டு. வாளித் தண்ணீரில் நனைத்து, பல் துலக்குகிற பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நிழலில் காயவைக்கவேண்டும். வேகமாகத் தேய்த்தால் மேல் பூச்சு போய்விடும், ஏச்சு விழும்.

மேற்படைகளில் ஒல்லாந்தர் காலத்துப் பீங்கானும் புகைக்குழாய்த் துண்டும் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கீழே போகப் போகத்தான் எல்லோரும் குழிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். சீனப் பீங்கான் வந்தது. அதற்கும் கீழே, ஒரு நாள் மத்தியானம், என் கையில் மெல்லிய சாம்பல் நிற ஓடு ஒன்று. மண் கரைந்து போனதும் உட்பக்கத்தில் வட்டவட்டமாகச் சின்னப் புள்ளி வரிசை. பல் வைத்த சில்லு ஒன்றை உருட்டிக் கோலம் போட்ட மாதிரி. அதே வகை ஓடு இந்தியக் கரையில் அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும், இங்கே மன்னார்ப் பக்கம் மாந்தையிலும் கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கடல் வணிகத்தின் அடையாளம் அது.

அப்படியானால் போர்த்துக்கேயர் வந்து இறங்கியது வெறும் மணல்திட்டில் இல்லை. ஏற்கனவே கப்பல் வந்து போன துறையில்தான் அவர்கள் கோட்டையை நட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கோட்டை என்றால் 1619இல் இருந்துதான் தொடங்கும். அந்த ஓட்டைக் கையில் வைத்திருந்த பிறகு அப்படி நினைக்க எனக்கு வருவதில்லை. அன்று இரவு வீட்டில் சோறு சாப்பிடும்போது கோப்பையின் அடியைத் தடவிப் பார்த்தேன். அம்மா என்னடா என்று கேட்டார்.

ஆனைக்கோட்டையான் எழுதியது:

எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980இல் யாழ் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் தோண்டியபோது ஈமப் புதைகுழி ஒன்றில் சின்ன முத்திரை ஒன்று கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்து. 'கோவேத' என்று வாசிக்கிறார்கள். தோண்டிய இடத்துக்குக் கிட்ட எங்கள் பெரியப்பாவின் தோட்டம். வெங்காயம் நட மண்ணைக் கொத்தினால் கறுப்பும் சிவப்புமாக ஓடு வரும், வரம்பில் எறிந்துவிடுவோம். இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி தொல்லியல் படிக்கிறாள். வரம்பில் இருந்து பொறுக்கி எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள்.

நல்லூரில் இருந்து ஒரு டீச்சர் எழுதியது:

கோட்டையைப் பார்த்தவர்கள் நாவலர் வீதியில் இருக்கிற தொல்பொருள் நூதனசாலைக்கும் வாருங்கள். வாசலில் கோட்டையில் இருந்து கொண்டுவந்த பீரங்கிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, பக்கத்தில் திமிங்கில எலும்பு. உள்ளே கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைகள், ஒரு பல்லக்கு, ஏழு வாய் வைத்த பானை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெடியன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு திமிங்கில எலும்புக்குப் பக்கத்திலேயே நின்றான். கடற்கரையூர்ப் பிள்ளை. தன் தாத்தா இதைவிடப் பெரியதைக் கண்டதாகச் சொன்னான். கந்தரோடைப் புத்தருக்கு முன்னால் இன்னொரு பிள்ளை, "டீச்சர், இவர் எங்கட ஊரா?" என்று கேட்டாள். ஓம், உங்கட ஊர்தான் என்றேன். அவள் சுன்னாகத்தில் இருந்து வருகிறவள், கந்தரோடை அவளுக்குப் பக்கத்து ஊர்.

கொட்டடிக்காரி எழுதியது:

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். திருநெல்வேலித் தம்பி, புள்ளிக் கோல ஓடு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்கிறார். அன்றைக்குக் கண்ணாடி போடாமல் போனதால் சரியாகப் பார்க்கவில்லையாம். டீச்சர், அடுத்த ஞாயிறு நல்லூருக்கு வருகிறோம். அன்றைக்கு நூதனசாலை திறந்திருக்குமா என்று மட்டும் சொல்லுங்கள். அப்பாவால் படி ஏறி இறங்குவது கொஞ்சம் கஷ்டம், கதிரை ஒன்று கிடைத்தால் போதும்.