சின்ன கேரவனில் சாமான்களை எப்படி அடுக்குவது?

தோட்டத்து வீடு:
வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். போன வருடம் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்று வாங்கினேன், ஒற்றை அச்சு, உள்ளே 10 அடிக்கு 6 அடிதான். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். பள்ளி விடுமுறையில் தெலுக் பாத்திக் கடற்கரைக்கோ கேமரன் மலைக்கோ கிளம்பினால் கூடாரம், தார்பாய், மடக்கு நாற்காலி, கேஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, பாய் தலையணை என்று ஏற்றி முடிக்கவே அரை நாள் போய்விடுகிறது. அங்கே போனால் தேடுகிற சாமான் அடியில்தான் கிடக்கிறது. போன தடவை கொட்டுகிற மழையில் தார்பாயை எடுக்க எல்லாவற்றையும் சேற்றில் இறக்க வேண்டியதாயிற்று, பிள்ளைகள் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். இன்னொன்று, கனமானதை எல்லாம் பின்கதவு ஓரமாக வைத்திருந்தேன், நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கேரவன் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. மனைவி பயந்துவிட்டாள். நீங்கள் எல்லாம் எப்படி அடுக்குகிறீர்கள்?

பழைய டிராக்டர்:
தம்பி, முதலில் அந்த ஆட்டத்தைச் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நான் செம்பனைத் தோட்டத்தில் வருடக்கணக்காக டிராக்டர் ஓட்டியவன். குலைகளைப் பின்பக்கமாகக் குவித்துவிட்டால் டிரெய்லர் தன்னை வண்டியோடு இணைக்கும் கொக்கியை மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். உங்கள் காருக்கும் அதே கதைதான். கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும், 600 கிலோ என்றால் 60 முதல் 90 கிலோ. குலை வாங்கும் இடத்தில் எடைமேடை இருக்கும், சாமானோடு ஏற்றிக் காட்டி மொத்த எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். கொக்கி எடைக்கு வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசே போதும், சமதரையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி அதில் கொக்கி முனையை இறக்குங்கள். உங்கள் கார் எவ்வளவு தாங்கும் என்று அதன் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. ஐஸ் பெட்டி, பேட்டரி, அரிசி எல்லாம் தரையில், அச்சுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ. தண்ணீரை இங்கிருந்தே சுமக்காதீர்கள், 20 லிட்டர் கேன் இரண்டு வைத்தாலே 40 கிலோ, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மறுபடி ஆடினால் சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை ஒடிக்கவும் வேண்டாம், எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள்.

அஞ்சடி அக்கா:
அண்ணன் சொன்னபடி கனத்தை வைத்துவிட்டால் கதவு ஓரம் காலியாகிவிடும், அங்கே லேசான சாமான்தான் வர வேண்டும். தார்பாய், கயிறு, முளை, சுத்தியல், டார்ச் எல்லாம் ஒரே பையில், கடைசியாக ஏற்றி முதலில் இறக்குவது. மழை வந்தால் அந்தப் பையை மட்டும் இழுத்தால் போதும். பெட்டிகளைச் சாமான் வகையாகப் பிரிக்காதீர்கள் தம்பி, வேலை வகையாகப் பிரியுங்கள். எங்களிடம் ஒரு பசியாறல் பெட்டி இருக்கிறது, கோப்பித் தூள், சீனி, கெண்டி, மங்கு, லைட்டர் எல்லாம் அதற்குள்ளேயே, காலையில் வேறு எதையும் திறக்க மாட்டோம். எல்லாம் ஒரே அளவுப் பெட்டியாக, ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், பெஞ்சுக்கு அடியில் அழகாக நுழையும். மூடியில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன், இப்போது அவர்களே எடுத்து அவர்களே வைக்கிறார்கள். இரண்டு பயணத்தில் திறக்காத சாமானை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள், மருந்துப் பெட்டியும் தீயணைப்பானும் தவிர.

ஈரக்காற்று:
நம் ஊர்ப் புழுக்கத்தையும் மறக்காதீர்கள். ஈரக் கூடாரத்தை அப்படியே சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து நாறும், அந்த வாடை அப்புறம் போகவே போகாது. வந்த அன்றே அஞ்சடியில் கயிறு கட்டிக் காயப் போடுங்கள். மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். கேஸ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். அதனால் கேஸ் தோம்பு (சிலிண்டர்) வெளியே, முன்பக்க இரும்புச் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டியபடி இருக்கட்டும். சின்ன பியூட்டேன் டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அச்சிட்டிருக்கும், வெயிலில் பூட்டிக் கிடக்கிற கேரவனுக்குள் சூடு அதைத் தாண்டக்கூடும், பயணம் முடிந்ததும் இறக்கி நிழலில் வையுங்கள். குளிருக்கென்று கேமரனில் கரியடுப்பை உள்ளே கொண்டுபோகவே கூடாது, அதன் விஷவாயுவுக்கு மணமே கிடையாது.

தோட்டத்து வீடு:
எல்லாருக்கும் நன்றி. எடைமேடையில் மொத்தம் 620 கிலோ, கொக்கியில் வெறும் 22! ஐஸ் பெட்டி, பேட்டரி, அரிசி வாளி மூன்றையும் முன்னால் நகர்த்தினேன், இப்போது 65. நேற்று ஈப்போ வரை போய் வந்தேன், ஆடவே இல்லை. ஒன்று மட்டும் பாக்கி, கடலில் குளித்துவிட்டு வருகிற ஈரத் துணியையும் மணல் செருப்பையும் எங்கே வைப்பது?

அஞ்சடி அக்கா:
அடியில் ஓட்டை போட்ட வாளி, மூடியோடு, முன்பக்கச் சட்டத்தில் கேஸ் தோம்புக்கு எதிர்ப்பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே ஏற்றவே வேண்டாம்.