முள்ளும் அசையவில்லை, கிலோமீட்டரும் ஏறவில்லை: மீட்டரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி:
என்னுடையது 2011ஆம் ஆண்டு வாங்கிய 100 சிசி வண்டி. முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஓடும் முள் மீட்டர். ஒரு மாதமாக முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே முள் இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையே துடித்தது. சென்ற வாரம் அடியோடு படுத்துவிட்டது. கிலோமீட்டர் எண்களும் நகரவில்லை. மீட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

முதல் பதில்:
இரண்டும் ஒன்றாக நின்றிருப்பதால் மீட்டரின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கேபிள் சுழற்றும் ஒரே தண்டுதான் எண்களையும் நகர்த்துகிறது. அதன் நுனியில் உள்ள காந்தம், தன்னைத் தொடாமல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, மெல்லிய சுருள்வில்லின் இழுப்பை மீறி முள்ளைத் திருப்புகிறது. எண்கள் ஓடி முள் மட்டும் படுத்திருந்தால் பழுது மீட்டருக்குள் இருக்கும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்பக்கத்தை ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். மீட்டரின் அடியில் உள்ள கேபிள் மறையைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றும்போது உள்கம்பியின் நுனி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லையென்றால் உள்கம்பியை உருவுங்கள். அது முழுதாக வந்தால் சக்கரத்தில் உள்ள, கேபிளைச் சுழற்றும் வார்ம் பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும்; பஞ்சர் ஒட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்டும்போது, அதன் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்காராமலே அச்சை முறுக்கினால் நசுங்கிவிடும்.

கேட்டவர்:
பஞ்சர் எதுவும் ஒட்டவில்லை. மேலிருந்து உருவியபோது கம்பி முழுதாக வரவில்லை. கீழ்முனைக்கு நான்கு விரற்கடை மேலே புரி பிரிந்து அறுந்திருக்கிறது, உறைக்குள் செங்கல் பொடி போலத் துரு. புதுக் கேபிளுக்கு கிரீஸைத் தாராளமாகத் தடவலாமா?

இரண்டாவது பதில்:
தயவுசெய்து வேண்டாம். மேல்முனையிலிருந்து ஒரு சாண் நீளத்தை உலர்வாகவே விட்டுவிட்டு, மீதிக் கம்பியில் விரலால் மெல்லியதாகத் தடவினால் போதும். கம்பி முறுக்கிய புரியாக இருப்பதால், சுழலச் சுழல கிரீஸ் திருகாணி போல மேலேறி மீட்டருக்குள் புகுந்துவிடும். என் வண்டிக்கு ஒரு கடையில் நுனிவரை அப்பிக் கொடுத்தார்கள். பிறகு வண்டியை நிறுத்திய பின்னும் முள் நாற்பதிலிருந்து இறங்க மறுத்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் கேபிள் மடியாமல் பெரிய வளைவாகப் போக வேண்டும் என்பதையும் கவனியுங்கள். மடிப்பு இருந்தால் புதுக் கேபிளிலும் முள் துடிக்கும்.

கேட்டவர்:
அப்படியே செய்தேன். மறையை முறுக்குவதற்கு முன், கம்பியின் சதுர நுனி மீட்டரின் துளையில் உட்காரும்வரை சக்கரத்தை மெல்ல உருட்ட வேண்டியிருந்தது. இன்று காலை முள் நாற்பதில் ஆடாமல் நின்றது, எண்களும் ஏறுகின்றன. மீட்டர் நின்றிருந்த நாட்களில் ஓடிய தூரத்தைப் பெட்ரோல் கணக்கை வைத்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய கணக்கில் சேர்த்துவிட்டேன்.