Re: Re: நுழைவு வளைவு நிதி – வாத்தியார் மகள் கேட்டது என்ன ஆயிற்று?

எல்லோருக்கும் வணக்கம்.

பொருளாளர் அண்ணன் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். வளைவுக்கு மூன்று லட்சம், அதில் பாதி வந்துவிட்டது. வளைவில் யார் பெயர் முதலில் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அது தேர்ச்சக்கரம் செய்த காலத்துச் சண்டை, மேலத்தெருவே பார்த்துக்கொள்ளட்டும்.

வாத்தியார் மகள் ஊருக்கு வந்துபோனபின் இங்கே ஒரு மடல் எழுதினார். ‘வாழ்த்துகள் டாக்டர், ஊருக்கே பெருமை’ என்று வரிசையாகப் போட்டீர்களே, அந்த மடலை யாராவது கடைசி வரை படித்தீர்களா? காலனியில் நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷச் சம்பளம் கேட்டிருந்தார். கிராம சுகாதார செவிலியருக்குக் கூடமாட இருந்து, ஊரில் உள்ள ஒவ்வொரு கர்ப்பிணியையும் குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்வரை விடாமல் பார்க்கிற வேலை. வளைவுச் செலவில் பாதிதான் ஆகும்.

சிங்கப்பூர் மாமா எழுதியிருக்கிறார்: தமிழ்நாட்டில் லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு 54, இந்தியாவுக்கு 97, இப்படியிருக்க ஊர்ப் பெயரைக் கெடுக்கலாமா என்று. 2018-20 கணக்கு அதுதான் மாமா, மறுக்கவில்லை. ஆனால் சராசரிக்குள் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்த அக்காவின் படிப்பு, பிழைப்பு எல்லாமே. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில்தான் நடந்திருக்கிறது. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று போகிறவளுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்கிற உதிரப்போக்கே உயிருக்கு உலை.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு போகிறாள். நம் சம்பந்தங்கள் பாதி பாகூர், வில்லியனூர் பக்கம். நடுவில் மாநில எல்லை. கர்ப்பத்தைப் பதிந்ததும் தருகிற பிக்மி எண் கடலூர் மாவட்டத்தில், பிரசவம் புதுச்சேரியில், மூன்றாம் மாதத் தடுப்பூசிக்கு மறுபடி இங்கே. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் ஜனம். எல்லை தாண்டிப் போனவளை எந்தச் செவிலியர் தேடிப் போவார்? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து) தவணை தவணையாகத்தான் வருகிறது. பதிவு விட்டுப்போனால் அதற்கும் அலைச்சல்தான்.

என் தம்பி பெண்டாட்டிக்கு நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எட்டாம் மாதம் தாய்வீட்டில் கால் வீங்கியது, ‘பிள்ளைத்தாச்சிக்கு இது சகஜம்’ என்று விட்டுவிட்டார்கள். பிரஷர் குறித்த அட்டை நம் வீட்டு அலமாரியில் கிடந்தது. வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த ராத்திரி டூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டரின் கெட்டிக்காரத்தனம். அப்போது ஒரு போன்கூடப் பண்ணாதவர்கள் இன்று எனக்குப் பெருமை பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

அக்கா எம்.டி.க்கு சமூக மருத்துவம் எடுத்தபோது ‘ஊசி போடாத டாக்டர்’ என்று பேர் வைத்தவரும் இதே குழுவில்தான் இருக்கிறார். ஜிப்மரின் கிராம சுகாதார மையம் இருக்கிற ராமநாதபுரத்தில் (புதுச்சேரிப் பக்கத்து ஊர், சேதுபதி சீமை இல்லை) வீடு வீடாக நோட்டோடு நடந்தவர் அவர். பேறுகாலத்தில் இறந்துபோன பெண்ணின் வீட்டுக்குத் திரும்பப் போய், எந்த மணிக்கு வலி, எப்போது வண்டி, யார் முடிவெடுத்தது என்று கேட்டு எழுதுகிற வேலை. இப்போது அதைத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்.

அப்புறம், ‘காலனிக்கு முதலில் போனார், எங்கள் வாசலுக்கு வரவில்லை’ என்று அத்தைமார் வருத்தம். துணை நிலையம் குளத்தங்கரையில், நம் தெரு மூலையில் இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் மழைக்காலத்தில் எப்படி வருகிறார்கள் என்று இந்தக் குழுவில் யாருக்காவது தெரியுமா? அங்கேயிருந்து இந்தக் குழுவில் ஒருத்தரும் இல்லை. ஏன் இல்லை என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அண்ணன் கேட்ட ஒன்று நியாயம்: அரசாங்க நிலையத்தில் நம் இஷ்டத்துக்கு ஆள் வைக்க முடியாது. வட்டார மருத்துவ அலுவலரிடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சம்பளம் மாதாமாதம் வங்கி வழியாகப் போகட்டும், அதுவே ரசீது. 2015 வெள்ளத்துக்குப் போர்வை வாங்கிய கணக்கைவிட அது தெளிவாகவே இருக்கும்.

முதல் மூன்று மாதம் என் பொறுப்பு. மீதிக்கு யார் யார் என்று தை பிறக்குமுன் சொல்லுங்கள்.

– கீழத்தெரு தம்பி, தோகா

---

தம்பி, போர்வைக் கணக்கு அப்போதே குழுவுக்கு அனுப்பியாயிற்று, உன் பழைய மடல்களைத் தேடிப் பார். வளைவுக்கென்று வாங்கிய பணத்தைக் கொடுத்தவர்களைக் கேட்காமல் வேறு செலவுக்கு மாற்ற முடியாது. தனியாக ஒரு தலைப்பில் வசூல் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பெண்ணின் வங்கிப் புத்தக நகல் அனுப்பச் சொல். என் பெயரிலும் ஒரு மாதச் சம்பளம் போட்டுக்கொள்.

– பொருளாளர்