விலங்கு நேரலை கேமரா: வகுப்பில் போட்டால் மட்டும் இருட்டு. யாராவது வழி சொல்லுங்கள்

அல்சூர்வாசி (சனி, மதியம்)

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒன்பது வாண்டுகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். நாலு முதல் ஆறு வயது. பாதிப் பேர் யானையைக் கண்டால் 'ஆனெ' என்று கன்னடத்தில்தான் கத்துவார்கள். படப் புத்தகம் காட்டினால் ஒரு நொடியில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். சரி, நிஜ விலங்கையே டிவியில் நேரலையாகக் காட்டலாம் என்று இறங்கினேன். மூன்று வாரமாக மானம் போகிறது.

முதல் வாரம் கலிபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியத்தில் உள்ள கடல் நீர்நாய். முந்தின நாள் இரவு 8 மணிக்கு வீட்டில் பார்த்தபோது மல்லாந்து மிதந்துகொண்டு இரண்டு கையாலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. காலை வகுப்பில் திறந்தால் பழைய பதிவு ஓடுகிறது. அடுத்த வாரம் நமீபியப் பாலைவனத்துத் தண்ணீர்க் குட்டை. சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது, அசைவே இல்லை. "ஆன்ட்டி, டிவி கெட்டுப்போச்சு" என்றான் ஒருவன். இன்று அந்த இணைப்பே திறக்கவில்லை. அவசரத்தில் 'லைவ்' என்று போட்டிருந்த வேறொன்றை ஓட்டினேன். ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்தைத் திருப்பியது. பத்து நிமிடத்தில் அதே மாதிரி இன்னொரு தடவை. ஆறு வயதுப் பெண் கண்டுபிடித்துவிட்டாள்: "இது முன்னாடியே வந்துச்சு." போதாக்குறைக்கு ஓரத்தில் ஓடிய அரட்டையில் யாரோ கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள்.

நெட் வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

ராத்திரி ஷிப்ட்

நெட்டைத் திட்டாதீங்க அக்கா, எல்லாம் கடிகாரத்தின் வேலை. அமெரிக்க கிளையன்ட்டுக்காக ஏழு வருடமாக ராத்திரி விழித்திருப்பவன் சொல்கிறேன்.

உங்கள் சனி காலை 10 மணி, கலிபோர்னியாவில் இப்போது வெள்ளி இரவு 9:30. நீர்நாய்க்கு அங்கே பகலில்தான் நேரலை, அதாவது நமக்கு இரவு. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அப்போதும் உங்கள் வகுப்புக்கு உதவாது. அதை விட்டுவிடுங்கள்.

இந்த மாதத்துக்கு அலாஸ்காவைப் பிடியுங்கள். கட்மாய் தேசியப் பூங்காவில் புரூக்ஸ் அருவி. சால்மன் மீன்கள் ஆற்றை எதிர்த்து ஏறி வரும் காலம் ஜூலை, பழுப்புக் கரடிகள் அருவியின் விளிம்பிலேயே நின்று வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். நமக்குக் காலை 10 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 8:30. ஆனாலும் நல்ல வெளிச்சம் இருக்கும், ஜூலையில் அங்கே சூரியன் மறைய 11 மணி ஆகிவிடும்.

இணைப்பு செத்தது ஏன் என்றால், நேரலை அறுந்து மறுபடி தொடங்கும்போது பெரும்பாலும் புது முகவரி வந்துவிடும். வீடியோவைச் சேமிக்காமல் சேனல் பக்கத்தைச் சேமியுங்கள். போலி லைவைக் கண்டுபிடிக்க, அந்த ஊரில் இப்போது மணி என்ன என்று பாருங்கள். அங்கே நள்ளிரவாக இருக்க, படத்தில் வெயில் அடித்தால் பதிவுதான். முழுத்திரையாக்கினால் அரட்டை தொல்லையும் போய்விடும்.

நமீபியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். 10 மணிக்குப் போட்டால் அங்கே 6:30, விடியும் நேரம். உங்களுக்கு ஏன் இருட்டாக இருந்தது என்று புரியவில்லை.

ஹெப்பால் ஏரிக்கரை

தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். தென்னாப்பிரிக்காவுக்கும் நமீபியாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் நமீபியா மேற்கே தள்ளி இருக்கிறது. போதாததற்கு ஜூலை அங்கே குளிர்காலம். விடிய ஏழரை ஆகும், நமக்கு 11 மணி. அதுவரை இரவுக் கேமராவின் சாம்பல் படம்தான். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில் டெம்பே யானைப் பூங்கா இருக்கிறது. அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளுத்துவிடும்.

நமீபியாவை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். ஒரு நாள் வகுப்பைப் பதினொன்றரைக்குத் தள்ளிவைத்துப் பாருங்கள். வரிக்குதிரை, நெருப்புக்கோழி, நரி என்று வரும். கௌதாரி போல ஒரு பறவைக் கூட்டம் இறங்கினால் ஆணைக் கவனியுங்கள். குடித்துவிட்டுக் கிளம்பாது, வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுக்கும். அந்தச் சிறகு பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அப்படியே பல கிலோமீட்டர் பறந்துபோய்க் குஞ்சுகளுக்கு ஊட்டும்.

அல்சூர்வாசி

நன்றி, சார். ஒரு யோசனை. வகுப்புக்கு முன்னால் நேரலையைப் பின்னோக்கி இழுத்து, யானை வந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அதைக் காட்டினால் என்ன?

ரிட்டையர்ட் டீச்சர்

இழுக்க விடும் கேமராவாக இருந்தால் இழுக்கலாம். ஆனால் காலை ஆறு மணிக்கு வந்த யானையைப் பத்து மணிக்குக் காட்டிவிட்டு 'இப்போ பாருங்க' என்று மட்டும் சொல்லாதேம்மா. உன் ஒட்டகச்சிவிங்கிப் பெண் விடமாட்டாள். யானை வரவில்லையா, வரவில்லை என்றே இருக்கட்டும். குட்டை ஓரத்தில் என்ன கால் தடம், தண்ணீர் ஏன் நடுங்குகிறது என்று கேள். எனக்கு ஒன்றாம் வகுப்பில் முப்பது வருட அனுபவம். காலி மேடையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அதிகம் பேசும்.

அப்புறம், நேரத்தைக் குறைத்துக்கொள். நாலு வயதுக்கு நாள் முழுக்கச் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. வகுப்பில் பதினைந்து நிமிடம் தாராளம்.

அல்சூர்வாசி (அடுத்த சனி)

கரடி வந்தது! 10:12-க்கு ஒரு சால்மன் நேராக அதன் வாய்க்குள்ளேயே குதித்தது. ஒன்பது பேரும் ஒரே கூச்சல். பிறகு துடிக்கும் மீனைக் காலால் அமுக்கித் தோலை உரித்தபோது ஒருவன் அழுதுவிட்டான். மீன் நிறைய இருக்கும்போது கரடி கொழுப்பான தோலையும் முட்டையையும் மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும், அதைக் கடற்புறாக்கள் தின்னும் என்று சொல்லிச் சமாளித்தேன். "எங்க அம்மா மீன் வாங்குறப்பவும் அப்படித்தான் தோலை எடுப்பாங்க" என்று இன்னொருத்தி ஆறுதல் சொன்னாள்.

இவ்வளவும் நடக்க, கிளப் ஹவுஸ் ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டி மேல் புறா முட்டையிட்டிருப்பதை அந்த ஒட்டகச்சிவிங்கிப் பெண் பார்த்துவிட்டாள். இரண்டு முட்டை.

ஹெப்பால் ஏரிக்கரை

அடடா, உங்கள் நேரத்துக்கே வாய்த்த கேமரா! கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு பழைய போனை ஒட்டி, டிவிக்கு வீடியோ கால் போடுங்கள். ஜன்னலை மட்டும் திறக்காதீர்கள், எச்சம் குழந்தைகளுக்கு ஆகாது. ஏறக்குறைய பதினெட்டு நாளில் பொரியும். அதுவரை ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும்.

அல்சூர்வாசி (அதற்கடுத்த சனி)

10:40-க்கு இன்னொரு புறா வந்து இறங்கியது. உட்கார்ந்திருந்தது எழுந்து வழிவிட்டது. வந்தது முட்டையை மூக்கால் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு உட்கார்ந்தது. இதில் அப்பா எது என்று கேட்டுத் துளைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

ஹெப்பால் ஏரிக்கரை

இப்போது வந்து உட்கார்ந்ததுதான் அப்பா. சாயங்காலம் வரை அவர் பொறுப்பு. அங்கிருந்து விடிய விடிய அம்மா.

ராத்திரி ஷிப்ட்

அப்போ நான் அம்மா கட்சி.